ஸ்டோக் ரோ ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் தென்கோடியில், சில்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கிறது ஸ்டோக் ரோ. அந்த ஊரைப் பற்றி எங்கள் ஆண்டு மலரில் எழுதப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்குள் அழைத்து, தேநீர் கொடுத்து, அலமாரியில் கிடந்த பழைய படங்களையெல்லாம் மேசையில் பரப்பியவர்களுக்கு இந்த மடல். உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டேன். கட்டுரையைப் படிக்கப்போகும் தமிழர்களுக்கு, அது யார் யாருடைய உழைப்பு என்று தெரிய வேண்டும் அல்லவா? பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்டோக் ரோவின் நடுவில், தங்க நிறக் குவிமாடத்தின் கீழ் ஒரு கிணறு இருக்கிறது. வாளியை மேலே இழுக்கும் அதன் இரும்பு இராட்டினப் பொறியின் மேல் ஒரு யானை நிற்கிறது. காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கின் கொடை அது. ஆழம் 368 அடி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரத்தைவிட மூன்று அடி அதிகம். குறுக்களவோ நான்கே அடி. அந்தக் குறுகலுக்குள் இறங்கி, கையாலேயே தோண்டியிருக்கிறார்கள். 1863 மார்ச் 10-ஆம் தேதி, வேல்ஸ் இளவரசரின் திருமண நாளன்று, வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டு மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் கிணறு ஊருக்குத் திறந்துவிடப்பட்டது.

ஏன் இவ்வளவு ஆழம் என்று எனக்குப் புரியவைத்தவர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர். வயலில் குனிந்து, களிமண்ணோடு ஒட்டியிருந்த ஒரு சிக்கிமுக்கிக் கல்லை எடுத்து என் கையில் வைத்தார். மேலே மெல்லிய களிமண், அதற்குக் கீழே சுண்ணப்பாறை. பெய்கிற மழையைப் பாறை குடித்துவிடும். குன்றின் மேல் ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. பசுமைக்குக் குறைவில்லாத இங்கிலாந்தில், மழைக்குக் குறைவே இல்லாத ஒரு மேட்டில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒரு ஊர் தவித்தது என்பது அந்தக் கல்லைக் கையில் பிடித்த பிறகுதான் எனக்கு நம்பக்கூடியதாக இருந்தது. களிமண் தோண்டிய குழிகளில் தேங்கிய நீரும், கூரையிலிருந்து வழிந்த மழைநீரும்தான் அந்நாளில் அவர்களுக்கு ஆதாரம். ஐயா, அந்தக் கல் இப்போது என் புத்தக அலமாரியில் இருக்கிறது. திருப்பித் தருவதாக இல்லை.

இந்தக் கொடையின் பின்னணியைத் தேட உதவிய ஆவணக் காப்பக ஊழியர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அருகிலுள்ள இப்ஸ்டன் ஊரைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட், வட இந்தியாவில் உயர் பதவியில் இருந்தவர். நாவலாசிரியர் சார்லஸ் ரீடின் அண்ணன். தம் ஊர்ப் பக்கத்தில், வீட்டில் எஞ்சியிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு சிறுவன் அடிபட்டதை அவர் மகாராஜாவிடம் சொன்னார். மகாராஜா அதை நெஞ்சில் வைத்திருந்து கிணறு வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் சொல்லும் கதை இது. கதை உண்மைதான். ஆனால் 1857 எழுச்சியின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் அந்த மகாராஜா. கொடை எழுந்தது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின். இளவரசர் திருமணம், ராணியின் பிறந்தநாள் என்று நாள் பார்த்துப் பார்த்து நடந்த காரியத்தில் விசுவாசப் பிரகடனமும் கலந்திருக்கிறது. இரக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் ஊரார் முகம் சுளிப்பார்களோ என்று தயங்கியபோது, "உள்ளதை எழுதுங்கள், எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது" என்று சொன்ன கிணற்று அறக்கட்டளை நண்பருக்கு என் தனி வணக்கம்.

எல்லாவற்றையும்விட நான் கடன்பட்டிருப்பது, தேவாலயத்துக்குப் பின்னால் வசிக்கும் ஒரு பாட்டியிடம். மகாராஜாவைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அதில் அக்கறையே இல்லை. "இராட்டினத்தைச் சுற்றியது யார் என்று கேளுங்கள்" என்றார். நிறைந்த வாளி மேலே வரப் பத்து நிமிடம் போல் ஆகுமாம். அவருடைய பாட்டியின் தோள், இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் தடித்திருந்ததாம். கிணற்று நீர் தேநீருக்கும் சமையலுக்கும் மட்டும். துணிக்குக் குளத்து நீர், தரை கழுவத் துணி அலசிய நீர். அந்த வரிசை மாறினால் வீட்டில் ரகளைதான். காவலாளி அசந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் உள்ளே கல் போட்டு, சத்தம் வரும்வரை எண்ணுவார்களாம். ஐந்து வரை எண்ண வேண்டும்! இலவசத் தண்ணீருக்கு என்ன விலை என்று அந்த மதியம்தான் விளங்கியது. கட்டுரையின் நடுப்பகுதி முழுவதும் அவர் பேசியதுதான். நான் எழுத்தாக்கியதோடு சரி.

கிணற்றை ஒட்டிய செர்ரித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவருக்கு நன்றி. பழம் விற்ற பணத்தில் கிணற்றைப் பராமரிக்க வேண்டும் என்று ரீட் போட்ட கணக்கு அது. தோட்டத்துக்கு 'ஈஸ்வரி பாக்' என்று மகாராஜாவின் பெயரையே வைத்தார். அங்கே மீன் வடிவில் ஒரு குளமும் உண்டு, ஏனென்றால் மகாராஜாவின் சின்னத்தில் மீன் இருந்தது. பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரத்தில் நாற்காலிக் கால்களும் கூடார முளைகளும் கடைந்த பட்டறைகளைப் பற்றிச் சொன்ன அண்ணன் தம்பி இருவருக்கும் நன்றி. நீங்கள் தந்த செய்திகள் தனிக் கட்டுரையாக அடுத்த மலருக்குப் போகின்றன.

1964 நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தபோது கொடி பிடித்து நின்ற பள்ளிச் சிறுவர்களில் ஒருவர், இன்று எழுபதைத் தாண்டியவர், அன்றைய படங்களை நம்பிக் கொடுத்தார். படம் எதிலும் இளவரசரின் முகம் சரியாக விழவில்லை. முன்னால் நின்ற பெண்களின் தொப்பிகள்தான் தெரிகின்றன. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எந்த வீட்டுப் பெண் எந்தத் தொப்பி என்று அவர் ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னதைப் படக்குறிப்பாகவே போட்டிருக்கிறோம்.

ரெடிங்கிலிருந்து ஒவ்வொரு முறையும் காரில் அழைத்துப்போன நண்பருக்கும், ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்த வட்டாரப் பேச்சைப் பிடிக்க எனக்குக் காது போதவில்லை, அவர்களுக்குப் போதிற்று.

இரவல் வாங்கிய படங்கள் உறையில் பத்திரமாக இருக்கின்றன. வரும் மாதம் நேரில் கொண்டுவந்து தருகிறேன். ஒலிப்பதிவுகளின் பிரதி அவரவர் குடும்பத்துக்கு வரும். யாருக்காவது அதைப் பொதுவில் வைக்க விருப்பம் இல்லையென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
மலர்க் குழுவின் சார்பில்