தீர்மானத்துக்கு முன் புளியங்கொட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊர்க் கோரிக்கைகள் 23-ஐயும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். எல்லாமே அவசரமாம். கையெழுத்துப் போட்டோம், மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வருகிற பணம் இரண்டு மூன்று வேலைக்குத்தான் காணும். அந்த மூன்று எது என்று சபையில் யாரும் கேட்கவில்லை.

2005-இல் தொடங்கிய, கிராமத்து வறுமையைக் குறைப்பதற்கான புது வாழ்வுத் திட்டத்தில் நான் மகளிர் குழு ஊக்குநராக இருந்தேன். மக்கள் நிலை ஆய்வு என்று அப்போது நடத்துவோம். கோலப்பொடியால் தெருவிலேயே ஊரை வரைந்து, எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை, எது நடுத்தரம், எது வசதி என்று கூடி நின்று பிரிப்போம். சண்டை வரும்தான். ஆனால் எல்லார் கண்ணெதிரே வரும்.

அந்தப் பழக்கத்தில், சபை முடிந்த ஞாயிறன்று எங்கள் தெருவில் ஒன்பது அட்டைகளைப் பரப்பினேன். எழுத்தே கிடையாது, படம்தான்: குழாய், கண்மாய் மடை, தெருவிளக்கு, நாடகமேடை, சுடுகாட்டுப் பாதை என்று. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எது முக்கியமோ அதில் கூடுதலாக வைக்கலாம். ஆண்கள் தனி, பெண்கள் தனி. சேர்த்து உட்கார வைத்தால் மருமகள்கள் மாமனார் கையைப் பார்த்துத்தான் வைப்பார்கள்.

ஆண்கள் பக்கம் நாடகமேடையில் குவியல். பெண்கள் பக்கம் மேடையில் ஒரு கொட்டைகூட இல்லை, எல்லாம் குழாயில். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசினோம். எதிர்வீட்டு ஆச்சி மட்டும் பத்தையும் சுடுகாட்டுப் பாதையில் வைத்திருந்தார். "அடுத்து நான்தானடா போகணும். மழைச் சேத்துல வழுக்கிக் கீழே போட்டுறாதீங்க" என்றார். சிரித்து ஓய்ந்ததும் இரண்டு பேர் மேடையிலிருந்து கொட்டையை எடுத்துப் பாதைக்கு மாற்றினார்கள். கை தூக்கச் சொல்லியிருந்தால் இது நடக்காது. தூக்கிய கையை ஊர் முன்னால் எவர் இறக்குவார்? (ஒரு பொடியன் நாலு கொட்டையைப் பல்லாங்குழிக்குக் கொண்டுபோனது தனிக்கதை.) கடைசியில் வரிசை: குழாய், பாதை, மடை.

அடுத்த சபை அக்டோபர் 2. அதற்குள் தெருத்தெருவாக, ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பில் அங்கேயே போய், இப்படிப் பிரித்துப் பார்க்க ஊராட்சிகளுக்கு மாவட்ட நிர்வாகம் சொல்ல வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் வரிசை எண்ணும், எத்தனை கொட்டை விழுந்தது என்பதும் ஏற வேண்டும். செலவு ஒரு படி புளியங்கொட்டை. எங்கள் ஊருக்கு அதை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மகளிர் குழு ஊக்குநர்,
சிவகங்கை மாவட்டம்.