பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் நடுவில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் பத்திரிகையில் அப்பாவின் மரண அறிவித்தல் வந்தது. 'உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட...' பிழை ஒன்றும் இல்லை. நான் எழுதித் தந்திருந்த மேற்கு பேர்லின் மட்டும் அச்சில் விடுபட்டிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "பிறந்த இடமும் இருந்த இடமும்தான் அக்கா, நடுவில உள்ளதுகள் போடுறேல்லை" என்றார் ஒரு தம்பி. பண்பாகத்தான் சொன்னார்.

அப்பா 1985இல் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் போய் இறங்கியவர். அங்கிருந்து மேற்கே போகிற ரயிலில், மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஆளில்லை. பேர்லின் சுவரை ஓர் எல்லையாக மேற்குப் பக்கத்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையாம். அந்த ஓட்டைக்குள்ளால்தான் எங்கள் சனம் போனது. ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டது இவ்வளவுதான்: ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசவில் ஏறு, நாலாவது தரிப்பு, 'சூ' என்று தொடங்கும் பலகை கண்டால் இறங்கு. அதன் அர்த்தம் அப்பாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது. "எங்களை நேரா மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பினவங்கள்" என்று கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

அகதி விடுதியில் இரண்டு வருடம். வேலை செய்ய அனுமதியில்லை. சும்மா இருக்கமுடியாமல் கூட இருந்த பெடியளுக்குத் தலைமயிர் வெட்டப் பழகினார். பிடியில் பிளாஸ்டர் சுற்றிய அந்தக் கத்தரிக்கோல் இப்பவும் எங்கள் பேஸ்மென்டில் கிடக்கிறது.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டார்களே, அவர்களும் ஜேர்மனியில் இருந்து வெளிக்கிட்டவர்கள். அந்தச் செய்திக்குப் பிறகுதான் விடுதியில் கனடாப் பேச்சு எழும்பியதாம். மறுவருடம் வேறொருவரின் கடவுச்சீட்டில் அப்பாவும் வந்து சேர்ந்தார். மிச்சம் உங்கள் வாசகர்களுக்குப் பாடம்: அகதிக் கேஸ், இரவில் கோப்பை கழுவல், லாண்டட் என்கிற நிரந்தர வதிவிட உரிமை, குடும்பத்தைக் கூப்பிட ஸ்பொன்சர்.

நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு 1992இல் கிளாலிக் கடலை இரவில் கடந்தோம். வள்ளத்தில் வெளிச்சம் இல்லை. தம்பிக்குத் தொய்வு (ஆஸ்துமா), இருமினால் வாயைப் பொத்து என்று அம்மா தன் சேலைத்தலைப்பை என் கையில் தந்திருந்தா. பிறகு கொழும்பு லொட்ஜில் பதினொரு மாதம். தம்பி அப்பாவை முதன்முதல் கண்டது ரொறன்ரோ விமான நிலையத்தில், ஏழு வயதில்.

வருகிற ஞாயிறு அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கான அறிவித்தலை இத்துடன் அனுப்புகிறேன்: 'உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், மேற்கு பேர்லினில் இரண்டு ஆண்டுகள் அகதியாகவும், சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு ஆண்டுகளும் வாழ்ந்து, ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட...' கூடுகிற வரிக்கு உரிய காசைத் தருகிறேன்.

'அகதி' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி அம்மா நிற்கிறா. சம்பந்தி பகுதி பார்ப்பினமாம். நான் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
மூத்த மகள்,
ஸ்காபரோ.