கட்டம் போட்ட சட்டை

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. போனில் பத்து நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயத்துக்கு மெனக்கெட்டு இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதியிருக்கிறாய். தபாலாபீசில் முப்பத்தாறு வருடம் ஊரார் கடிதங்களையே பிரித்து அடுக்கியவனுக்குத் தன் பெயருக்கு ஒன்று வந்து விழுவது தனிச் சந்தோஷம்தான். உன் எழுத்து இன்னும் வலது பக்கமாக மாடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேரன் லீவுக்கு வந்து வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன வாரம்தான் கிளம்பினான்.

"அறுபத்துமூணு வயசுல எதுக்குடா உனக்கு எம்.ஏ.?" என்று கேட்டிருக்கிறாய். ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் டி.வி. பார்த்தேன். அடுத்த ஆறு மாதம் உன் தங்கச்சி வைக்கிற குழம்பில் குற்றம் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் அவளே பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை உளவியல் எம்.ஏ. படிப்புக்கு எனக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். "மனுஷங்க மனசப் பத்திப் படிங்க, என் குழம்ப விட்டுடுங்க" என்றாள். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

முதல் நாள் வகுப்புக்குப் போனபோது சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். சுற்றிலும் என் மகள் வயசுப் பிள்ளைகள். எல்லாரும் அதையே பார்க்கிற மாதிரி இருந்தது. மத்தியானம் வரை நோட்டை நெஞ்சோடு அணைத்தபடியே இருந்தேன். அப்புறம் பார்த்தால் இதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, செய்தவர் அமெரிக்காவில் கிலோவிச் என்கிற பேராசிரியரும் கூட்டாளிகளும். ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை, வெட்கப்படும்படியான பனியனை, மாணவர்களுக்குப் போட்டுவிட்டு ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். நம்மேல் விளக்கு வெளிச்சம் விழுகிறது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோமாம். படித்ததும் பெரிய நிம்மதி. ஒருத்தரும் நம்மைப் பார்ப்பதில்லை! இதை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் இந்தப் பாடமே என்னைக் காலை வாரிவிட்டது.

முதல் இரண்டு மாதம் நான் யாருக்கும் உபயோகமில்லாத ஆளாக இருந்தேன். புதுச் செருப்பு வாங்கின பையன் வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு நடப்பானே, அந்த மாதிரி பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாடத்திலிருந்து ஒரு பெயர் வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் தெரு டீக்கடை மாஸ்டரை உனக்குத் தெரியும். "ஸ்ட்ராங் ரெண்டு, சீனி கம்மி ஒண்ணு, பார்சல் மூணு" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னாலும் ஒன்றும் பிசகாது. 1927-இல் பெர்லினில் செய்கார்னிக் என்ற அம்மையார் எழுதியது இதுதான்: முடியாத வேலை மனதில் நிற்கும், முடித்த வேலை மறைந்துவிடும். ஒரு ஓட்டல் சர்வர் பணம் வாங்குகிற வரை ஆர்டரை ஞாபகம் வைத்திருந்து, வாங்கியதும் மறந்துபோனதைப் பார்த்ததுதான் அந்த ஆராய்ச்சிக்கு ஆரம்பம் என்பார்கள். சரி, நாமும் சோதிப்போம் என்று காசு கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் போய், "மாஸ்டர், நான் என்ன சாப்பிட்டேன்?" என்று கேட்டேன். "ரெண்டு டீ, ஒரு பருப்பு வடை. முந்தாநாள் பாக்கி ஏழு ரூபா இருக்கு சார்."

செய்கார்னிக் அம்மா தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். (அவர் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே விடை கிடைக்கவில்லை என்பதும் உண்மை.) மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "வாடிக்கைக்காரங்க கணக்கு எப்ப சார் முடியும்?" என்றார். எனக்கு அங்கேயே இன்னொரு டீ தேவைப்பட்டது.

உன்னைப் பற்றியும் பாடத்தில் இருக்கிறது, தெரியுமா? விடுதியில் இருந்தபோது நீ வாரம் தவறாமல் ஒரு ரூபாய்ப் பரிசுச் சீட்டு வாங்குவாய், நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். ஒரே ஒரு தடவை ஐம்பது ரூபாய் விழுந்தது. பரோட்டா வாங்கிக் கொடுத்தாய். அதற்கப்புறம் எத்தனை வருடம் ஒரு பைசா விழாமல் வாங்கினாய்! ஸ்கின்னர் என்கிறவர் புறாவை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். இத்தனை தடவை கொத்தினால் தானியம் என்று கணக்காகக் கொடுத்துப் பழக்கிய புறா, தானியம் நின்றால் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி விட்டுவிட்டுக் கொடுத்துப் பழக்கினால், நிறுத்திய பிறகும் ஆயிரக்கணக்கில் கொத்திக்கொண்டே இருக்கும். சம்பளம் ஒரு மாதம் வராவிட்டால் மறுநாளே சங்கத்தில் போய்ச் சத்தம் போட்ட ஆள்தானே நீ? பரிசுச் சீட்டு விழாததற்கு யாரிடம் சத்தம் போட்டாய்? 2003-இல் அரசு தடை செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் வாங்கிக்கொண்டுதான் இருப்பாய்.

சிரிக்காதே, என் கதை இதைவிட மோசம். பேரன் கடைவாசலில் மிட்டாய் கேட்டு அழுவான். முடியாது என்பேன். இன்னும் அழுவான், முடியாது. ஐந்தாவது தடவை தெருவே திரும்பிப் பார்க்கும், வாங்கிக் கொடுத்துவிடுவேன். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது மிட்டாய் கிடைக்காது என்பதை அல்ல. ஐந்து தடவை அழ வேண்டும் என்பதை. பாடம் தெரிந்த பிறகும் வாங்கித்தான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை இன்னும் உன் தங்கச்சியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அங்கே பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நம் வயசு ஆள் ஒருத்தர், கையில் மஞ்சள் பை, தூணில் சாய்ந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்து படுத்துவிட்டார். சுற்றி இருபது, இருபத்தைந்து பேர். நான் மூன்றாவது வரிசையில். வேடிக்கை என்னவென்றால், இதைப் பற்றிய பாடத்தை இரண்டு வாரம் முன்னால்தான் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தேன். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று பத்திரிகைச் செய்தி வந்தது. அந்தச் செய்தி ரொம்ப ஊதிப் பெருக்கப்பட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அது கிளப்பிய கேள்வி நின்றுவிட்டது. 1968-இல் டார்லி, லதானே என்று இரண்டு பேர் சோதித்தார்கள். தனித்தனி அறையில் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொள்கிற மாணவர்களில் ஒருவனுக்கு வலிப்பு வருகிற மாதிரிக் குரல் கேட்கும். அது தன் காதில் மட்டும்தான் விழுகிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். பொறுப்பு பங்கு போட்டுக்கொள்ளப்பட்டு, ஆளுக்கு ஒரு துளிகூட மிஞ்சாமல் போய்விடுகிறது.

இவ்வளவும் தெரிந்தவன் நின்றேன், மாப்ளே. யாராவது போன் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். குடித்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன். பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் பதறாததால் பதற ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருமே முடிவு செய்திருக்க வேண்டும்.

அங்கே கூடையோடு ஒரு பூக்காரம்மா. "யாராச்சும் ஆம்புலன்சுக்கு போன் போடுங்கய்யா" என்று ஒரு தடவை கத்தினார். ஒருத்தரும் அசையவில்லை. உடனே கையை நீட்டி, "அண்ணே, கட்டம் போட்ட சட்ட! ஒங்களத்தான். 108-க்கு அடிங்க" என்றார். அடுத்த மூச்சில், "செவப்புப் பேக்குத் தம்பி, கூட்டத்த வெலக்கு, காத்து வரட்டும்."

ஒருத்தரும் நம்மைப் பார்ப்பதில்லை என்று நிம்மதியாகப் படித்தேனே, அன்றைக்கு அந்த ஒரு விரல் இருபத்தைந்து பேருக்கு நடுவில் என்னைத் தேடி எடுத்தது. போனை எடுத்தால் கை வேர்த்து வழுக்குகிறது. டார்லியும் லதானேயும் இதையும் குறித்திருக்கிறார்கள்: எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது. அந்த வரிக்கு மட்டும் நான் பென்சில் கோடு போட்டிருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது போல என்றார்கள். அதற்குள் அவர் கண் திறந்து, பை எங்கே என்று கேட்டார். ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் அந்தப் பூக்காரம்மாவைத் தேடிப் போய், ஆளைக் குறிப்பிட்டுக் கூப்பிட வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பூ வாங்குங்கன்னு பொதுவாக் கத்துனா எவ திரும்புவா? பச்சச் சேல அக்கான்னு கூப்புட்டாத்தான் அந்த அக்கா நிக்கும்" என்றார். இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். காரணமில்லாமல் பூ வாங்கி வந்த புருஷனை உன் தங்கச்சி எப்படிப் பார்த்திருப்பாள் என்று நீயே நினைத்துக்கொள்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-இல் மூன்று நாடுகளின் தெருக் கேமராப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். பத்துச் சண்டையில் ஒன்பதில் யாராவது ஒருத்தராவது குறுக்கே வந்து தடுக்கப் பார்க்கிறார். ஊர் அவ்வளவு மோசமில்லை. அந்த ஒருத்தர் நானாக இருக்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

அப்புறம் உன் மருமகன் விஷயம். பொங்கலுக்கு வந்தவர் ஒரே நாளில் கிளம்பிவிட்டார், இருந்த நேரமும் போனும் தூக்கமுமாகவே இருந்தார், "மரியாதை தெரியாத பிள்ளை" என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். எனக்கு அவரைத் தெரியாது, பத்துப் பாடம் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் 1967-இல் ஜோன்ஸ், ஹாரிஸ் இருவரும் செய்த ஒன்றைச் சொல்கிறேன். கியூபா தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவர் தானாக அந்தப் பக்கம் எடுக்கவில்லை, இப்படி எழுது என்று சொல்லி எழுதவைத்தது என்று முன்கூட்டியே சொல்லியும், படித்தவர்கள் எழுதியவருக்கும் கொஞ்சம் அந்த எண்ணம் இருக்கும் என்றே கணித்தார்கள். ஆளைப் பார்க்கிற கண்ணுக்கு அவர் தலைமேல் இருக்கிற சுமை தெரிவதில்லை. உன் தங்கச்சி இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்: "நீங்க லேட்டா வந்தா பஸ்ஸு லேட்டு. நான் லேட்டா வந்தா என் குணமே அப்படி."

உனக்குக் கல்யாணமான புதுசு ஞாபகம் இருக்கிறதா? மில்லில் நைட் ஷிப்டு முடித்து நேராக மாமனார் வீட்டுத் தீபாவளிக்குப் போய், இலை போட்டது தெரியாமல் தூங்கினாய். "தூங்குமூஞ்சியப் பிடிச்சு வந்துட்டோம்" என்று உன் மாமனார் சொன்னதை எத்தனை வருடம் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாய்! உன் மருமகனுக்கு எந்த நாட்டு நேரத்துக்கு வேலை என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். கேட்டுவிட்டு அப்புறமும் கோபம் இருந்தால் எனக்கு எழுது, நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஜூனில் பரீட்சை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத இந்த விரல்கள் ஒத்துழைக்குமா என்பதுதான் கவலை. அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதிப் பழகுகிறேன் என்று வைத்துக்கொள். முடிந்ததும் இரண்டு நாள் கோயம்புத்தூர் வருகிறேன். ரயிலடிக்கு வா. கூட்டத்தில் தேட வேண்டாம், அதே கட்டம் போட்ட சட்டையில்தான் வருவேன்.

உன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சிக்கு அன்பு. உனக்கு விழுந்தது ஐம்பது ரூபாயா, இருபத்தைந்தா என்று பதிலில் எழுது. எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

உன்,
மாப்ளே