வாராகி என்ன அடியாளா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வாராகி அம்மன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, சரி, ஆனால் தலைப்பில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் 'எதிரிகள் ஒழிய' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை, கூலிக்கு ஆள் அடிக்கிற அடியாள் கணக்காக அம்மனைக் காட்டிவிட்டார்களே என்று மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

அவள் கையைப் பார்த்தாலே போதுமே. கலப்பை, உலக்கை. ஒன்று நிலத்தை உழ, இன்னொன்று நெல் குத்த. லலிதாம்பிகையின் படைத்தலைவி, அதனால் தண்டநாதா என்று பெயர், எல்லாம் உண்மைதான், அப்படிப்பட்டவள் கையில் உழவுக் கருவி ஏன் வந்தது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் வாராகிக்கு எடுக்கும் ஆஷாட நவராத்திரி விழாவுக்கு மஞ்சள், மாதுளை, நவதானியம் என்று நாளுக்கொரு அலங்காரம். காய்கறி அலங்காரத்தன்று வரிசையில் நின்றேன். பன்றி முகத்துக்குக் கீழே வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சரம்சரமாகத் தொங்குகின்றன, எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி, "பங்காளிய அடக்குறதுக்கு இவங்க மந்திரம் ஒண்ணு இருக்காமே, தெரியுமா?" என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன, நாம் எழுதுவதைத்தானே படிக்கிறார்.

லலிதாம்பிகையின் கதையைச் சொல்லும் லலிதோபாக்கியானத்தில் இவளுக்கு 12 பெயர்கள். பஞ்சமி என்று ஆரம்பிக்கும். பகையை அழிப்பவள் என்று பொருள்படும் 'அரிக்னி' கடைசியில்தான் வருகிறது. இந்தப் பெயர்களை வஜ்ர பஞ்சரம், அதாவது வைரக் கூண்டு என்கிறது அந்த நூல்; அதற்குள் இருப்பவனுக்குத் துன்பம் வராதாம். கூண்டுக்குள் நம்மை வைத்துக் காக்கிறாள், சரி. வெளியே யார் யாரை அடிக்க வேண்டும் என்று பட்டியல் கொடுக்கச் சொல்லி அதில் எங்கே இருக்கிறது?

அப்புறம் அந்த 'வாராகிக்காரனோடு வாதாடாதே'. அதைக் கட்டுரையாளர் ஊரை மிரட்டுகிற வசனம் மாதிரி போட்டிருக்கிறார். வாராகியை வழிபட்டு மந்திரம் ஜபிக்கிற உபாசகன் சொன்னது பலிக்கும் என்பதால் வந்த பேச்சு அது. அப்படிப் பார்த்தால் வாயை அடக்க வேண்டியவன் முதலில் அவன்தான் என்பது என் கட்சி.

அடுத்த இதழில் அந்த 12 பெயர்களையும் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். பிழை திருத்தியும் போடுங்கள், போன தடவை அதில் ஒன்றான 'வார்த்தாளி' என்பது 'வார்த்தைலி' என்று அச்சாகியிருந்தது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி