கோழித் தீவனத்தின் நச்சைச் சோதிக்க எங்கள் ஊரிலேயே வசதி வேண்டும்: மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கறிக்கோழி வளர்க்கும் குடும்பங்கள்,
சித்தூர் தாலூக்கா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: கறிக்கோழித் தீவனத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சோதிக்க, எல்லைப் பகுதி மிருகாஸ்பத்திரியில் வசதி செய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலந்தாவளத்திலிருந்து கோபாலபுரம் வரை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கோழி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நாங்கள். எங்கள் வீட்டு மொழி தமிழ். மொழிச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே இடம் கொடுத்திருப்பதால் தமிழில் எழுதுகிறோம். இதே விஷயமாக முன்பு கீழ்நிலை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஆகவே தங்களிடம் நேரடியாக வருகிறோம்.

1. எங்கள் பகுதி தங்களுக்குத் தெரிந்ததுதான். மழை மறைவுப் பூமி, தென்னந்தோப்பு, கள்ளு இறக்கும் தொழில், அதற்கிடையே கோழிக் கொட்டகைகள். தீவன லாரி எல்லைச் சாவடி தாண்டித்தான் வருகிறது. அங்கே லாரியின் தாள்களைப் பார்க்கிறார்கள். மூட்டைக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

2. நாங்கள் கம்பெனிக்கு வளர்த்துக் கொடுப்பவர்கள் அல்ல. குஞ்சும் தீவனமும் எங்கள் காசில் வாங்குகிறோம். கறிக்கோழிக்கு ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும். தீவனம் கெட்டால் நஷ்டம் முழுவதும் எங்கள் தலையில்தான் விழும். பெரும்பாலான கொட்டகைகள் அயல்கூட்டம் என்ற மகளிர் சுய உதவிக் குழுவின் கடனில் போட்டவை.

3. எங்களை அதிகம் வாட்டுவது இந்தப் பூஞ்சை நச்சுதான். ஐயா, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

மக்காச்சோளத்தைச் சரியாகக் காயவைக்காமல் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும். அது அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கைத் தின்று செத்த பிறகுதான் உலகத்துக்கே இந்த நச்சு தெரியவந்தது. இன்று இந்தியத் தர நிர்ணயத்தில் கோழித் தீவனத்துக்கு வரம்பு இருக்கிறது: அஃப்ளாடாக்சின் பி1 ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, தீவனத்தின் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வரம்பு தாளில் இருக்கிறது. எங்கள் கொட்டகையில் அதை யார் அளப்பது?

கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பூஞ்சை தெரியாத தீவனத்திலும் நச்சு இருக்கும். ஆலையில் ஆவியில் வேகவைத்துக் குருணையாக்கினாலும் பூஞ்சை சாகுமே தவிர, நச்சு போகாது. குஞ்சு இரண்டாம் வாரம் தாண்டும்போதுதான் எங்களுக்கு உறைக்கும். ஒரே நாளில் இறக்கிய குஞ்சுகளில் பாதி பெரிதாகவும் பாதி சிறிதாகவும் நிற்கும். கால் மஞ்சள் வெளுத்துவிடும். எச்சத்தில் செரிக்காத தீவனம் அப்படியே வரும், கீழே விரித்த நார்க் கழிவு ஈரமாகிக் கட்டி பிடிக்கும், அம்மோனியா வாடையில் கண் எரியும். கம்போரோ நோய்க்கான சொட்டு மருந்தும் வெள்ளைக்கழிச்சலுக்கான லாசோட்டாவும் நாள் தவறாமல் கொடுத்திருந்தாலும் நோய் வரும், ஏனென்றால் இந்த நச்சு கோழியின் எதிர்ப்புச் சக்தியையே குலைத்துவிடுகிறது. செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கி, வெளிறி, தொட்டால் பிய்கிறது. பிழைத்த கோழியைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினால் லேசாகப் பட்டதற்கே தொடையிலும் நெஞ்சிலும் ரத்தம் கட்டுகிறது. ரத்தம் உறையும் தன்மையை நச்சு கெடுப்பதால் வருவது இது. கடைக்காரர் தோல் உரித்துப் பார்த்துவிட்டு, பிடித்தவன் முரட்டுத்தனமாகப் பிடித்தான் என்று விலையைக் குறைக்கிறார்.

அஃப்ளாடாக்சின் ஒன்று மட்டும் என்றாலும் பரவாயில்லை. ஓக்ராடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நச்சு சிறுநீரகத்தைத் தாக்கும். டி-2 என்ற நச்சு அலகுக்குள் புண் வைக்கும், கோழி தீவனத்தைக் கொத்தவே கொத்தாது. ஏஜென்டிடம் கேட்டால், நச்சைப் பிடித்து வைக்கும் டாக்சின் பைண்டரைத் தீவனத்தில் போடு என்கிறார். பென்டோனைட் களிமண் கலந்த பைண்டர் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும், டி-2-வை அவ்வளவாகப் பிடிக்காது. எந்த நச்சு என்றே தெரியாமல் எந்தப் பைண்டரை வாங்குவது? இருட்டில் கல்லெறிவதைப் போலத்தான் காசைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

4. போன ஓணத்துக்கு விற்க வைத்திருந்த கோழிகள் எங்களில் பலருக்கு இப்படித்தான் போயின. தீவனம் விற்றவர்கள் வந்து பார்த்தார்கள். கொட்டகை ஈரம், தண்ணீர் சரியில்லை, வளர்ப்பு முறை சரியில்லை என்று மூன்று காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் தீவனம்தான் காரணம் என்றோம். நிரூபி என்றார்கள். எதை வைத்து நிரூபிப்பது, ஐயா? தாள் ஒன்று கையில் இருந்தால்தானே பேச முடியும்?

5. மாதிரியை அனுப்ப வேண்டியதுதானே என்று ஓர் அலுவலர் கேட்டார். கேட்பது எளிது. நம் மாவட்டத்திலேயே திருவிழாங்குன்றில் பறவையியல் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள், அது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அது பாலக்காடு போய், மண்ணார்க்காடு போய், அதற்கும் அப்பால். இந்தப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது, அது வேறு மாநிலம். நாங்களே கொண்டுபோகும் மாதிரியை, எந்த மூட்டையிலிருந்து எடுத்தாய் யாருக்குத் தெரியும் என்று விற்றவர் தள்ளிவிடுகிறார். நச்சு மூட்டைக்குள் ஒரே சீராகப் பரவியிருக்காது. பல மூட்டைகளில் பல இடங்களில் குத்தி எடுத்து, கலந்து, பங்கு பிரித்து, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். அதைச் செய்ய அரசு ஊழியர் வேண்டும். கறிக்கோழியின் ஆயுளே ஐந்தாறு வாரம். முடிவு வருவதற்குள் தீவனம் தின்று தீர்ந்து, கோழியும் செத்தோ விற்றோ போய்விடும். பிறகு அந்தத் தாள் யாருக்கு?

6. இதைக் கோழிக்காரனின் நஷ்டக் கணக்காக மட்டும் பார்க்க வேண்டாம். சாப்பிடுகிறவர்கள் இந்த மாவட்டத்து மக்கள். சால்மோனெல்லா போன்ற கிருமியைக் கறியை நன்றாக வேகவைத்துக் கொல்லலாம், இந்த நச்சு அடுப்புச் சூட்டுக்கு அடங்காது. கறியில் தங்குவது குறைவுதான், ஈரலில் கூடுதலாகத் தங்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஃப்ளாடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு ஈரல் நல்லது என்று தேடி வாங்கிப் போகிறார்கள், ஐயா.

அப்புறம் ஆன்டிபயாடிக். காரணம் தெரியாமல் கோழி சாகும்போது, பயத்தில் கையில் கிடைத்த மருந்தைத் தண்ணீரில் கலக்கிறார்கள். நச்சால் வந்ததற்கு ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மருந்தை நிறுத்தி இத்தனை நாள் கழித்துத்தான் விற்க வேண்டும் என்ற கெடுவும் அந்த அவசரத்தில் காற்றில் போகிறது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க மாநில அளவில் செயல்திட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நம் கேரளம், 2018-இல். குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் அமைப்பு வழியாகப் பாதுகாப்பான கோழி இறைச்சி தர அரசே கேரளா சிக்கன் திட்டம் நடத்துகிறது. நல்ல காரியங்கள். ஆனால் தீவன மூட்டையைச் சோதிக்காமல் வெட்டும் இடத்தில் மட்டும் சுத்தம் பார்த்தால் போதுமா? வெட்டுவதற்கு முன் 8 முதல் 10 மணி நேரம் தீவனத்தை நிறுத்திக் குடலைக் காலியாக்கச் சொல்கிறார்கள், செய்கிறோம். நச்சு நுழைகிற வாசலை மட்டும் ஏன் திறந்தே விட்டிருக்கிறோம்?

7. நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. பட்டைச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. தீவனத்தை அரைத்து, கரைசலில் கலக்கி, பட்டையை நனைத்தால் வரம்பு தாண்டியதா இல்லையா என்று அன்றைக்கே தெரியும். கூடவே ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று. இந்த இரண்டையும் கொழிஞ்சாம்பாறைப் பகுதி மிருகாஸ்பத்திரியில் வைத்து, ஓர் ஊழியருக்குப் பயிற்சி கொடுங்கள். பட்டையில் சந்தேகம் வந்தால் அவரே மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பட்டும். கட்டணம் உண்டென்றால் கட்டுகிறோம். புரதத்தைக் கூட்டிக் காட்ட யூரியா கலக்கிறார்களா என்பதையும் அங்கே பார்க்கட்டும். சாதாரணப் புரதச் சோதனை நைட்ரஜனைத்தான் எண்ணும், யூரியாவையும் புரதமாகக் காட்டிவிடும்.

8. முடிவைத் தமிழிலும் தர வேண்டும்.

9. திருவிழாங்குன்று கல்லூரி ஆசிரியர்கள் மழைக்காலம் தொடங்கும் முன் இங்கே வந்து, தீவனத்தை எப்படி அடுக்குவது, எத்தனை நாள் வைக்கலாம், எந்த அறிகுறிக்கு எதைச் செய்வது என்று சொல்லித்தர ஏற்பாடு செய்யுங்கள். கூட்டம் பாலக்காட்டில் வேண்டாம், இங்கேயே நடத்துங்கள். கோழியை விட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க வெளியே போக எங்களால் முடியாது.

10. எல்லைச் சாவடியில் வாரத்தில் சில லாரிகளிலாவது மாதிரி எடுக்கட்டும். எடுப்பார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் நல்ல சோளம் போடுவார்கள்.

ஆட்சியர் அவர்களே, மழை வரப்போகிறது. ஒவ்வொரு மழைக்கும் இதையே அனுபவித்து, இதையே எழுதி, இதே ரசீதை வாங்கிப் பெட்டியில் வைக்கிறோம். ஒரு பட்டைச் சோதனைக்காக இவ்வளவு கெஞ்ச வேண்டுமா என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தயவுசெய்து இந்த மனுவை மறுபடியும் அதே மேசைக்கு அனுப்பிவிடாதீர்கள். சம்பந்தப்பட்ட அதிகாரியை ஒரு நாள் எங்கள் கொட்டகைக்கு அனுப்புங்கள், வெளிறிய ஈரலை அறுத்துக் காட்டுகிறோம். இந்த மழைக்கு முன் சோதனை வசதியைக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுவந்து தரும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் பதில் தரும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொழிஞ்சாம்பாறை வட்டாரக் கோழி வளர்ப்புக் குடும்பத்தினர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், தீவன பில் நகல்கள்.