ஊராட்சித் தேர்தல் எப்போது திரும்பும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் மலேசிய அரசியலமைப்பை வரைந்த 1956 ரீட் ஆணையத்தில் ஒரு மலாயாக்காரர்கூட இல்லை, ஐவரும் வெளிநாட்டவர் என்று சிலர் இன்னும் குறைப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒன்பது மாநிலங்களின் ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுப்பது நமக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு (சுல்தான் இல்லாத பினாங்குக்கு அதில் முறை கிடையாது, சரி, விடுங்கள்).

கோளாறு கீழ்மட்டத்தில். சுதந்திரத்துக்கு முன்பே, 1951இல், ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் என்று 1965இல் நிறுத்தினார்கள், மோதல் மறு ஆண்டே முடிந்தது, தேர்தல் மட்டும் வரவே இல்லை, அப்புறம் 1976 சட்டம் கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கலாம் என்றாக்கிவிட்டது. சாக்கடை அடைத்தால் நாம் ஓட்டுப் போடாத ஒருவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்பார்களா?

வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு