நடைபாதைக்கு முன் தண்ணீருக்கு வழி விடுங்கள்

கிளிநொச்சி நகரத்துக்குத் திட்டம் வரைகிறவர்களுக்கு,

வணக்கம். குளக்கரையை அழகாக்குவோம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இரண்டு மனம். கீழே கடை, மேலே வீடு, மர நிழலில் நடந்தே சந்தைக்குப் போய்வரலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? இப்போது ஊர் முழுக்க யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியைப் பிடித்துக்கொண்டு நீளமாகக் கிடக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் ஒரு இறாத்தல் பாணுக்கும் மோட்டார்சைக்கிளை எடுக்கிறார்கள்.

ஆனால் 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையும் நினைவில் நிற்கிறதே. விடியப்புறம் காலைக் கீழே வைத்தால் முழங்காலுக்குத் தண்ணீர், செருப்பு அடுப்படிப் பக்கம் மிதந்து போகிறது. நெல் மூட்டைகளில் இரண்டைத்தான் மேசைமேல் ஏற்ற முடிந்தது. கீழே கிடந்தவை மூன்றாம் நாள் சாக்கைத் துளைத்துக்கொண்டு முளைவிட்டன. அந்தப் புளித்த மணம் தை மாதம் வரை வீட்டில் இருந்தது.

மழையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு பழைய மதகு இருந்தது. வீதியை உயர்த்த வந்த ஒப்பந்தக்காரர் அதன் வாயைக் கிரவலால் மூடிவிட்டு, ஒற்றைக் குழாயைப் பதித்துவிட்டுப் போனார். வீதி உயர்ந்தது, நாங்கள் பள்ளத்தில் ஆனோம். பக்கத்து வளவுக்காரர் மதில் கட்டியதும் தண்ணீருக்கு எங்கள் முற்றம்தான் மிச்சம்.

ஆற்றங்கரை நகரங்களைப் போல எங்களுக்கு ஊர் நடுவே ஓடும் பேராறு இல்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் இருக்கிறது, நகரோடு ஒட்டிய கிளிநொச்சிக் குளம் இருக்கிறது. இரணைமடு வான்கதவு திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கங்களை நனைத்துக்கொண்டுதான் தண்ணீர் ஆனையிறவுக் கடலேரிக்குப் போகும். நகரத்து வாய்க்கால்களையும் மிஞ்சிய தண்ணீர் வடியும் கழிவாறுகளையும் அடைத்துவிட்டு ஒரு குளக்கட்டை மட்டும் அழகாக்கினால், வெள்ளம் அடுத்த ஊரின் தலையில் விழும்.

சிங்கப்பூரில் பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீற்றர் நேரான கொங்கிரீட் கால்வாயை உடைத்து, 2012இல் 3.2 கிலோமீற்றர் வளைந்தோடும் ஆறாக்கினார்கள். மழையில்லாத நாளில் பிள்ளைகள் கரையில் ஓடி விளையாடுகிறார்கள். பெருமழை வந்தால் பூங்காவே வெள்ளத்தைத் தாங்கிக்கொள்கிறது, ஆட்களை வெளியேற்ற எச்சரிக்கை விளக்கும் சைரனும் உண்டு. அவ்வளவு காசு எங்களிடம் இல்லை, சரி. ஆனால் பள்ளத்தைப் பள்ளமாகவே விடுவதற்கு என்ன செலவு? விளையாட்டுத் திடலையும் வாரச் சந்தையையும் அங்கே வையுங்கள். வருடத்தில் சில நாள் மூழ்கினால் மூழ்கட்டும். வீடும் மருந்தகமும் மேட்டில் இருக்கட்டும், கட்டடங்களின் கீழ்த்தளம் கடைக்கோ வாகனத் தரிப்புக்கோ போதும். எங்களூர்க் கடைக்காரர்கள் வெள்ளம் வந்தால் சாமான்களை மேலே ஏற்றிப் பழகியவர்கள்தான்.

குளக்கட்டின்மேல் மரம் நட வேண்டாம், வேர் கட்டைப் பிளக்கும். மருதும் வேம்பும் வீதியோரத்துக்கு. ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நட்டு வைத்துப் படம் எடுக்க இடம் ஒதுக்குவதெல்லாம் கடைசியில் பார்க்கலாம், எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை.

பள்ளத்தில் குடியிருக்கிறவர்களைத்தான் முதலில் எழுப்புவீர்கள் என்று தெரியும். அவர்களில் பலர் போரில் இடம்பெயர்ந்து, 2010ஐ ஒட்டி முகாம்களிலிருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலில் தொடங்கியவர்கள். காணி உறுதிப் பத்திரம் இல்லை என்பதைக் காட்டிப் பத்துக் கிலோமீற்றர் தள்ளி அனுப்பாதீர்கள். பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், மேட்டு நிலத்தில், உறுதியோடு காணி கொடுத்த பிறகு எழுப்புங்கள்.

ஒப்பந்தக்காரர்களிடம் கேள்விப்பத்திரம் கோருமுன் ஒரு வேலை செய்யுங்கள். 2018இல் தண்ணீர் எந்த வீட்டில் எந்த உயரம் வரை வந்தது என்று ஊராரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்து, கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் கதவு நிலையில் என் மகள் அன்று பென்சிலால் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது, வந்து அளந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
குளத்துக்குக் கீழ்ப்புறம் இருக்கும் ஒருவன்